பந்தயச் சாரதியின் வாக்கு

மோட்டார்ப் பந்தயத்தைப் பற்றிக் கல்லூரிச் சஞ்சிகையில் எழுதுவதாவது என்று நம் ஆசிரியர்களிற் சிலர் புருவம் நெரிக்கக்கூடும். ஆயினும் பந்தயங்களுள் ஒரு வகை பொதுஜன வாழ்வோடு நெருங்கிய சம்பந்தமுடையது. பந்தயத்திற்கென்றே தனியாகச் செய்த யந்திரங்களை விடுத்து, குடும்பஸ்தர் விலைக்கு வாங்கும் வண்டிகளையே வலுப்படுத்தி ஓட்டும் டூரிங் கார்ப் பந்தயமே அது. அதனைக் காண்போர், 'இது நம் வீட்டு வண்டியன்றோ!' என்று பூரிப்பர். ஆகவே அதில் வெல்லும் சாரதியின் சொல்லுக்கு, அவருடைய திறமைக்கு உரியதினும் மிகுந்த மதிப்பு ஏற்பட்டுவிடுகிறது. அம்மதிப்பை அவர் எவ்வாறு செலவிட்டார் என்பதையும் சேர்த்தே அவரை எடைபோட வேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.

ஆஸ்திரேலியாவின் பீட்டர் பிராக் என்பவரை எடுத்துக்கொள்வோம். நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்துப் பாதர்ஸ்ட் நகரில் பனோரமா என்றொரு மலை உண்டு. அதன்மீது ஏறியிறங்கும் சுற்றுப்பாதை ஆறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பந்தயமில்லாத நாட்களில் அது பொதுச் சாலையே. ஆண்டுதோறும் அங்கு நிகழும் நெடுந்தூரப் பந்தயத்தில் பிராக் 1972-இல் மழையிடையே தனியொருவராய் ஓட்டி முதன்முறை வென்றார். 1987-க்குள் அவர் பெற்ற வெற்றிகள் ஒன்பது. 1979-இல் ஜிம் ரிச்சர்ட்ஸ் என்பாரோடு மாறிமாறி ஓட்டி, மற்றெல்லாரையும் ஆறு சுற்று முந்தி நின்றார். வேறொருவராயின் வண்டிக்குத் தீங்கு நேராதபடி மெல்ல ஓட்டி முடித்திருப்பார். இவரோ கடைசிச் சுற்றையே அன்றைய தினத்தின் அதிவேகச் சுற்றாக்கி, பழைய சாதனையையும் முறியடித்தார். இது வீண் ஆரவாரம் என்பாரும் உளர். நாம் அவ்வாறு கருதோம். தொழிலின் எல்லை எங்கேயென்று தொட்டுப் பார்க்கும் ஆசை இல்லாதவனிடத்தில் பெருந்திறமை தங்குவதில்லை.

இவருடைய வண்டியின் இலக்கம் 05. இரத்தத்தில் மதுசாரம் 0.05 சதவீதத்தை மீறலாகாது என்பது விக்டோரியா மாகாணத்துச் சட்டம். அதனை ஜனங்கள் மனத்தில் பதிக்கவே அவர் இவ்விலக்கத்தைத் தாங்கினார். குடிப்பவனுக்கு உபதேசம் கசக்கும். ஆனால் மலைமேல் தன்னைப் பரவசப்படுத்திய வண்டியின் கதவிலே அதே சட்டம் எழுதப்பட்டிருந்தால் அவன் என் செய்வான்?

இனி மறுபக்கம். தொழிற்சாலை வண்டிகளைத் தம் பட்டறையில் திருத்தி விற்கும் வியாபாரத்தையும் பிராக் நடத்தி வந்தார். அவ்வண்டிகளில் காந்தமும் படிகமும் அடங்கிய ஒரு சிறு பெட்டியைப் பொருத்தலானார். அது மூலக்கூறுகளை ஒழுங்குபடுத்தி ஓட்டத்தைச் சீராக்கும் என்றார். விஞ்ஞானச் சான்று யாதொன்றும் இல்லை. வண்டிகளைச் செய்தளித்த ஹோல்டன் கம்பெனியார் 1987-இல் அவருடன் உறவை முறித்துக்கொண்டனர். சக்கரத்தின் சிறு நடுக்கத்தையும் கையாலேயே உணர்ந்து பழகியவருக்கு, தம் உணர்வே போதிய அத்தாட்சியாகத் தோன்றியிருக்கலாம். பௌதிக வகுப்பில் அளவுகோலை அலட்சியம் செய்யும் நம் மாணவர்களுக்கும் இம்மயக்கம் புதிதன்று. அவர் நம்பியதை நாம் பெரிதாகக் குறை கூறோம். அவர் பெயரை நம்பிப் பணம் கொடுத்தவனுக்குச் சோதித்தறியாத பொருளை விற்றதே பிழை. 05 என்ற இலக்கத்திற்கு மதிப்பளித்த அதே கீர்த்திதான் இப்பெட்டியையும் விற்றது.

அவ்வாண்டே பாதர்ஸ்டில் அவர் குழு மூன்றாவதாக வந்தது. முந்திய இரு வண்டிகளும் விதிமீறலால் நீக்கப்படவே, ஒன்பதாம் வெற்றி அவருக்கு வந்தது. பின்னர்ப் பிணக்குத் தீர்ந்து, ஹோல்டன் வண்டிகளையே மீண்டும் ஓட்டி, 1997-இல் முழுநேரப் பந்தயத்தினின்றும் ஓய்ந்தார். எனினும் ஓட்டுவதை விடவில்லை. 2006 செப்டம்பர் 8-ஆம் நாள் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு பந்தயத்தில் வண்டி மரத்தில் மோதி, 61-ஆம் வயதில் உயிர் நீத்தார்.

அவ்வாண்டு முதல் பாதர்ஸ்டில் வெல்வோருக்கு அவர் பெயரிட்ட கோப்பை அளிக்கப்பட்டு வருகிறது. நம்மைக் கேட்டிருந்தால், ஒன்பது வெற்றிகளின் ஆண்டுகளை விடுத்து, 05 என்று மட்டும் அதன்மேல் பொறிக்கச் சொல்லியிருப்போம்.