படம் சுற்றுகிறதா? பிள்ளையைத் திட்டாதீர்கள்!

சென்ற மாதம் ஒரு நாள் சாயங்காலம், ப்ளஸ் டூ படிக்கும் என் மகளை அநியாயமாகத் திட்டிவிட்டேன். கம்ப்யூட்டர் முன்னால் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "என்னடி, பாடம் பார்க்கலையா?" என்றேன். "ஓடலைம்மா, சுத்திக்கிட்டே இருக்கு" என்றாள். "நேத்தும் இதையேதான் சொன்னே. படிக்க உடம்பு வணங்கலைன்னா ஆயிரம் சாக்கு!" என்று கத்திவிட்டேன். பெண் பதில் பேசவில்லை. ராத்திரி சாப்பிடாமலே படுத்துவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் வேலையெல்லாம் முடித்து, ரவிக்கைக்குக் கழுத்து வெட்டும் முறையைப் பார்க்கலாமென்று நானே அதன் முன் உட்கார்ந்தேன். கத்தரிக்கோலை எடுத்த அம்மாள் எடுத்த கையோடு அப்படியே நின்றுவிட்டார்! நடுவில் ஒரு வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. பத்து நிமிஷத்தில் இரண்டு நிமிஷப் படம்தான் ஓடியது. எனக்குச் சுருக்கென்றது. பெண் சொன்னது நிஜம்.

2020-ல் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தபோது, ஆன்லைன் வகுப்புக்காக செகண்ட்ஹேண்டில் வாங்கிய கம்ப்யூட்டர் அது. விசாரித்த கடையில், "பழசும்மா, புதுசு வாங்கிடுங்க" என்று சுலபமாகச் சொல்லிவிட்டார்கள். மாசக் கடைசியில் புதுசுக்கு எங்கே போவது? நல்லவேளை, ஸ்ரீரங்கத்திலிருந்து எங்கள் எடமலைப்பட்டி புதூருக்கு ஞாயிற்றுக்கிழமை வந்த என் அண்ணன் மகன், "இருங்கத்தே, முதல்ல சீக்கு எங்கேன்னு பார்ப்போம்" என்றான். அவன் சொல்லிக் கொடுத்ததைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

நெட்டில் வரும் படம் மாடித் தொட்டித் தண்ணீர் மாதிரி. முன்கூட்டியே கொஞ்சம் சேமித்துக்கொண்டுதான் கம்ப்யூட்டர் படத்தைக் காட்டுகிறது. வரத்து குறைந்து செலவு அதிகமானால் தொட்டி காலி; உடனே வட்டம் சுற்றும். யூடியூபில் படத்துக்கு அடியில் ஒரு கோடு ஓடுகிறதல்லவா? சிவப்பு நீங்கள் பார்த்து முடித்தது. அதற்கு முன்னால் மங்கலாகத் தெரிவது தொட்டியில் இருப்பு. சிவப்பு போய் மங்கலைத் தொட்டுவிட்டால் வரத்தில் கோளாறு. மங்கல் தாராளமாக நீண்டிருந்தும் படம் விக்கி விக்கி வந்தால், கோளாறு கம்ப்யூட்டரில்.

அடுத்து செல்போன் சோதனை. போனிலுள்ள சிம் நெட்டை அணைத்து, வீட்டு வைஃபையில் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் பக்கத்தில் நின்று அதே படத்தைப் பாருங்கள். நன்றாக ஓடினால் குற்றம் கம்ப்யூட்டர் மேல். போனிலும் சுற்றினால் வைஃபை பெட்டிக்கு அருகில் போய்ப் பாருங்கள். அங்கே ஓடினால், அலை அறைக்கு எட்டவில்லை என்று அர்த்தம். அங்கேயும் ஓடாவிட்டால் பெட்டியை அணைத்து அரை நிமிஷம் கழித்துப் போடுங்கள். அப்படியும் சரியாகாவிட்டால், இணைப்புக் கொடுத்தவருக்குப் போன் செய்ய வேண்டியதுதான்.

எங்கள் வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? தூசு படுகிறதே என்று வைஃபை பெட்டியை இரும்பு பீரோவுக்குப் பின்னால் மறைத்து வைத்த புண்ணியவதி நானேதான்! இரும்பு அலையைத் தடுக்குமாம். பெட்டியை உயரமான ஷெல்ஃபில் திறந்தாற்போல் வைத்தோம். பாதிச் சீக்கு போயிற்று. மைக்ரோவேவ் அடுப்புக்குப் பக்கத்திலும் வைக்கக் கூடாது. இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் வேலை செய்வதால் ஒன்றையொன்று இடிக்கும். முடிந்தால் பெட்டியிலிருந்து கம்ப்யூட்டருக்கு நேராக ஒயர் போட்டுவிடுவது எல்லாவற்றிலும் உத்தமம்.

மீதிப் பாதி, படத்தின் தரத்தில் இருந்தது. படத்தின் ஓரத்திலுள்ள பல்சக்கரத்தை அழுத்தினால் 'குவாலிட்டி' என்று வரும். யூடியூப் கணக்குப்படி 1080-க்கு விநாடிக்கு 5 மெகாபிட் வேகம் வேண்டும், 720-க்கு 2.5, 480-க்கு 1.1, 360-க்கு 0.7 போதும். கரும்பலகை எழுத்து தெரிய 480 தாராளம்.

கம்ப்யூட்டரிலேயே கோளாறு என்றால், திறந்து கிடக்கும் மற்ற டேப்களை மூடுங்கள். பிரௌசரைப் புதுப்பியுங்கள். 'இன்காக்னிடோ' ஜன்னலில் போட்டுப் பாருங்கள். அதில் மட்டும் ஓடினால், பிரௌசரில் ஒட்டிக்கொண்டிருக்கும் எக்ஸ்டென்ஷன்களையும் பழைய 'கேச்'சையும் நீக்க வேண்டும். உள்ளே இருக்கும் ஃபேனில் தூசு அடைந்தாலும் சூடேறி மந்தமாகிவிடும். கரண்ட் ஒயரைப் பிடுங்கிய பிறகே துடையுங்கள்.

இன்னொரு வேடிக்கை. கரண்ட் போய் வந்த ஒரு நாள், எந்தப் பக்கமும் திறக்காமல் 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று வந்தது. பார்த்தால், கம்ப்யூட்டர் தேதி பல வருஷம் பின்னால் போயிருந்தது! உள்ளே காசு அளவில் ஒரு பேட்டரி இருக்கிறது; பெரும்பாலும் 'சிஆர் 2032' வகைதான். அது தீர்ந்தால் கரண்ட் போகும்போதெல்லாம் தேதி மறந்துவிடும். சின்ன பேட்டரியை மாற்றியதும் சரியாயிற்று.

ஒரு எச்சரிக்கை, சகோதரிகளே! 'படம் ஓட ஃபிளாஷ் பிளேயர் இறக்குங்கள்' என்று வந்தால் தொடாதீர்கள். ஃபிளாஷை அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-டன் நிறுத்திவிட்டது. இப்போது அப்படிக் கேட்பது ஏமாற்று வேலை. 'உங்கள் கம்ப்யூட்டரைச் சரிசெய்கிறோம்' என்று தானாக வரும் போனுக்கும் இடம் கொடுக்காதீர்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் உடனே 1930-க்குச் சொல்லுங்கள்.

படம் நன்றாக ஓடுகிறதே என்று பிள்ளைகளை விட்டுவிடவும் கூடாது. 20 நிமிஷத்துக்கு ஒரு முறை, 20 அடி தள்ளி இருப்பதை 20 விநாடி பார்க்கச் சொல்லுங்கள். கண்ணுக்கு ஓய்வு.

அன்று ராத்திரி மகளுக்குப் பிடித்த பருப்பு உருண்டைக் குழம்பு வைத்து, "தப்பு என்மேலதான்டி கண்ணு" என்றேன். "குழம்பெல்லாம் சரிம்மா. அடுத்த தடவை நான் சொன்னா வந்து ஒரு நிமிஷம் பாரு, அது போதும்" என்றாள்.

இப்போதெல்லாம் அவள் "அம்மா, சுத்துது" என்றால், அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு முதலில் போய்ப் பார்க்கிறேன்.