பூட்டில்லாத போன் வேண்டும்

ஊரை விட்டு வந்து உழைப்பவனுக்கு நிலையான விலாசம் கிடையாது. இன்று காரேகாவில் நால்வரோடு ஓர் அறை. நாளை காண்ட்ராக்டர் மாறினால் சிக்ராபூரில் வேறொரு அறை. ரேஷன் கார்டு ஊரில், ஓட்டுரிமை ஊரில், உழைப்பு மட்டும் ரஞ்சன்காவ் தொழிற்பேட்டையில். இப்படிப்பட்டவனுக்கு மாறாமல் இருக்கும் ஒரே விலாசம் அவனது செல்போன் எண்தான். இது மிகைப்படுத்திச் சொல்வதல்ல.

சம்பளம் விழுந்த செய்தி அந்த எண்ணுக்குத்தான் வருகிறது. ஊரில் இருக்கும் தாய்க்குப் பணம் அனுப்புவதும் அதன் வழியாகத்தான். ஒப்பந்தத் தொழிலாளி ஒரு முதலாளியை விட்டு வேறொரு முதலாளியிடம் போகும்போது, அவனது பி.எப். கணக்கைத் திறக்கும் சாவியும் அதுவே. ஆதாரும் வங்கியும் அந்த எண்ணைத்தான் கேட்கின்றன. நமது ரயில்வேயும் இதில் சேர்ந்துவிட்டது. 2025 ஜூலை 15 முதல், இணையத்தில் தட்கல் டிக்கெட் எடுக்க ஆதாரில் பதிந்த எண்ணுக்கு வரும் ஓ.டி.பி. கட்டாயம். பொங்கலுக்கு நாகர்கோவில் ரயிலில் ஓர் இடம் பிடிப்பதும் இன்று அந்தப் பத்து இலக்கத்தைப் பொறுத்திருக்கிறது.

இவ்வளவு முக்கியமான எண்ணை நம்மவர்களில் பலர் எத்தனை அலட்சியமாகக் கைவிடுகிறார்கள்! சம்பள நாளில் கடைக்குப் போகிறார்கள். புதிய போன் மலிவாகக் கிடைக்கிறது. அதோடு ஒரு புதிய சிம்மும் கிடைக்கிறது. பழைய சிம் பெட்டிக்குள் போய்விடுகிறது. மூன்று மாதம் கழித்து வங்கியில் ஏதோ தேவை வரும்போது ஓ.டி.பி. பழைய எண்ணுக்குப் போகிறது. அதற்குள் அந்த எண் உயிரை விட்டிருக்கும். 90 நாட்கள் எந்தப் பயன்பாடும் இல்லாத முன்கட்டண எண்ணைக் கம்பெனி துண்டிக்கலாம் என்பது விதி. துண்டித்த எண்ணை மேலும் 90 நாட்களுக்கு வேறு யாருக்கும் தருவதில்லை, அதன்பின் தரலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023-இல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. அதாவது, நம் வங்கிக் கணக்கின் வாசலில் முன்பின் தெரியாத ஒருவர் வந்து நிற்கக் கூடும். இது கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கிய கதை அல்லவா?

போன் வேறு, எண் வேறு என்பதை முதலில் நாம் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். எண்ணும் ரீசார்ஜ் திட்டமும் சிம் கார்டைச் சேர்ந்தவை. போனுக்கு அதற்கே உரிய 15 இலக்க அடையாள எண் தனியாக உண்டு, அதை ஐ.எம்.இ.ஐ. என்கிறார்கள். சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் எண்ணும் திட்டமும் அதனோடு போய்விடும். 84 நாள் திட்டத்துக்குப் பணம் கட்டி 20 நாள் ஆகியிருந்தால், மீதி 64 நாளும் புதிய போனில் அப்படியே நடக்கும். இதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்; யாருக்கும் கட்டணம் தர வேண்டாம். ஆனால் ஒரே ஒரு நிபந்தனை உண்டு. வாங்கும் போன் பூட்டில்லாததாக இருக்க வேண்டும்.

பூட்டு என்றால் என்ன? போனுக்குள்ளேயே ஒரு கட்டளையை எழுதி வைத்துவிடுகிறார்கள். சிம்மைப் போட்டதும், அது தங்கள் கம்பெனியின் சிம்தானா என்று போன் பார்க்கும். இல்லையென்றால் ஏற்க மறுத்துவிடும். போனை மலிவாகத் தந்து, வாடிக்கையாளரைத் தன் வட்டத்தை விட்டு வெளியேறாமல் வைத்திருப்பதற்கான ஏற்பாடு இது.

நம் நாட்டுக்கு இது புதிதல்ல. 2003 ஜூலையில் ரிலையன்ஸ் நிறுவனம் 501 ரூபாய் கொடுத்தால் போன், மீதி மாதாமாதம் என்று அறிவித்தபோது, அதுவரை செல்போனைத் தொட்டறியாதவர்கள் கையிலும் போன் வந்தது. அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அது சி.டி.எம்.ஏ. முறை. கழற்றி மாட்டும் சிம் அந்தப் போன்களில் இல்லை. எண் போனுக்குள்ளேயே பதியப்பட்டிருந்தது. போனை மாற்ற வேண்டுமானால் கம்பெனியின் கடைக்குத்தான் போக வேண்டும். பிறகு 2016-இல் அந்த நிறுவனம் சி.டி.எம்.ஏ. சேவையைக் கைவிட்டு 4ஜி-க்கு மாறியது. பழைய போன்கள் குழந்தைகளின் விளையாட்டுச் சாமான்களாயின.

மலிவு போனில் மட்டும்தான் பூட்டு என்று எண்ண வேண்டாம். 2008 ஆகஸ்டில் ஏர்டெல்லும் வோடபோனும் ஐபோனை இந்தியாவுக்குக் கொண்டு வந்தன. விலை 31,000 ரூபாய். அத்தனை பணம் கொடுத்து வாங்கியும், அந்தப் போன் விற்ற கம்பெனியின் சிம்மை மட்டுமே ஏற்றது. 2017-இல் 1,500 ரூபாய் டெபாசிட்டில் வந்த ஜியோ போன், ஜியோ சிம்முக்கு மட்டுமே ஆனது. ஏழைக்கும் 4ஜி கிடைத்தது என்பது உண்மை. வேறு கம்பெனிக்குப் போக விரும்பியவர் அந்தப் போனை விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது என்பதும் உண்மை.

பூட்டில்லாத போனின் அருமையைத் தமிழ்நாடு உணர்ந்த காலம் ஒன்று உண்டு. 2018 பிப்ரவரியில் ஏர்செல் சேவை தமிழகத்தில் நிலைகுலைந்தது. அந்த மாதத்தின் கடைசி நாளில் அந்த நிறுவனம் திவால் நடவடிக்கை கோரி மனு செய்தது. ஏர்செல் கடைகளின் முன்னால் ஜனங்கள் திரண்டு நின்றார்கள். அலைச்சல் இருந்தது, கோபம் இருந்தது. ஆனாலும் எண்ணை வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொண்டவர்கள் புதிய சிம்மைப் பழைய போனிலேயே போட்டுப் பேசினார்கள். கம்பெனி போயிற்று, எண்ணும் பிழைத்தது, போனும் பிழைத்தது. அவை பூட்டிய போன்களாக இருந்திருந்தால் எத்தனை குடும்பங்கள் புதிய போனுக்குக் கடன் வாங்கியிருக்கும்!

ரஞ்சன்காவ்வாசிகளுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. இங்கேயுள்ள எல்.ஜி. தொழிற்சாலையில் ஒரு காலத்தில் செல்போன்களும் தயாராயின. 2021-இல் அந்த நிறுவனம் உலகம் முழுவதும் செல்போன் தொழிலையே விட்டுவிட்டது. குளிர்சாதனப் பெட்டியும் துணி துவைக்கும் இயந்திரமும் செய்யும் அதே நிறுவனம், போன் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டது. போன் செய்யும் கம்பெனியும் நிலையல்ல, சிம் தரும் கம்பெனியும் நிலையல்ல என்றால், இரண்டையும் ஒரே முடிச்சில் போட்டு நம் கழுத்தில் மாட்டிக்கொள்வானேன்?

இனி, செய்ய வேண்டியவற்றைச் சொல்வோம். போன் வாங்கப் போகும்போது நமது சிம்மைக் கையோடு கொண்டு போக வேண்டும். பணம் கொடுக்கும் முன் அதைப் புதிய போனில் போட்டு ஒருவரிடம் பேசிப் பார்க்க வேண்டும். ஜியோ சிம் வைத்திருப்போர், வாங்கும் போன் 4ஜி-யில் பேசக்கூடியதா என்று பார்க்க வேண்டும். பழைய 2ஜி பட்டன் போனில் ஜியோ வேலை செய்யாது. சிம்மின் அளவு பொருந்தவில்லை என்றால் கத்தரிக்கோலை எடுக்க வேண்டாம். கம்பெனியின் கடையில் அதே எண்ணுக்கு மாற்று சிம் தருவார்கள். ஆனால் மாற்று சிம் வாங்கிய பிறகு 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ். வராது, போகாது. ஆகவே தட்கல் எடுக்கும் நாளிலோ ஊருக்குப் பணம் அனுப்பும் நாளிலோ இந்த வேலையை வைத்துக்கொள்ளக் கூடாது. யு.பி.ஐ. செயலியைப் புதிய போனில் மீண்டும் பதிய வேண்டும். அதற்கு நமது சிம்மிலிருந்து ஓர் எஸ்.எம்.எஸ். போக வேண்டும் என்பதால் ரீசார்ஜ் உயிரோடு இருப்பது அவசியம். இவை முடியும் வரை பழைய போனை விற்கவோ அழிக்கவோ வேண்டாம்.

பழைய போன் வாங்குவோருக்கு எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். *#06# என்று தட்டினால் அந்த 15 இலக்க எண் திரையில் வரும். ஆங்கிலத்தில் கே.ஒய்.எம். என்ற மூன்று எழுத்தும், ஓர் இடைவெளியும், அந்த எண்ணும் தட்டி 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் போனின் யோக்கியதை தெரிந்துவிடும். 2023 மே மாதம் மத்திய அரசு தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்திலும் இதைப் பார்க்கலாம். திருட்டுப் போன் என்று முடக்கப்பட்டதாகவோ போலி எண் என்றோ பதில் வந்தால், எத்தனை மலிவானாலும் தொடக் கூடாது. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டு வந்த போன் என்று பெருமையோடு வாங்குவோரும் உண்டு. அங்கே கம்பெனிகள் தவணையில் விற்கும் போன்களில் பூட்டு இன்னமும் வழக்கத்தில் உள்ளது. ஸ்ரீபெரும்புதூரில் நம் பெண்கள் கைபட்டு உருவாகிக் கடல் கடந்த போனாகவே இருந்தாலும், அங்கே பூட்டப்பட்டுத் திரும்பி வந்தால் நம் சிம்மை ஏற்காது.

இப்போது நம் நாட்டுக் கடைகளில் விற்கும் பெரும்பாலான போன்களில் கம்பெனிப் பூட்டு இல்லை. அந்த இடத்தில் தவணைப் பூட்டு வந்து உட்கார்ந்திருக்கிறது. கடன் தரும் நிறுவனம் போனுக்குள் ஒரு செயலியை வைத்து, தவணை தவறினால் திரையையே மூடிவிடுகிறது. காய்ச்சலில் பத்து நாள் வேலைக்குப் போகாதவனின் போன், மருத்துவருக்கும் வீட்டுக்கும் பேச வேண்டிய நேரத்தில் ஊமையாகிவிடுகிறது. கடன் கட்ட வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வாங்கிய கடனைத் திருப்பித் தருவதுதான் மரியாதை. ஆனால் அத்தகைய செயலி இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்திட வேண்டும். அப்படியே திரை மூடினாலும் பதற வேண்டாம். சிம்மைக் கழற்றி ஒரு சாதாரண போனில் போட்டால் எண் நம்மிடமே இருக்கும். இதற்காகவே பழைய பட்டன் போன் ஒன்றை வைத்திருப்பது நல்லது. ஜியோ சிம்மானால் 4ஜி பட்டன் போன் தேவைப்படும்.

தமிழ்நாட்டு எண்ணை மராட்டியத்தில் வைத்துக்கொண்டால் செலவு கூடும் என்று சிலர் இன்னும் நினைக்கிறார்கள். அது பழைய காலம். இன்றைய திட்டங்களில் பெரும்பாலானவை நாடு முழுவதற்கும் ஒன்றே. அறையில் சிக்னல் இல்லை என்றால் கம்பெனியை மாற்றலாம். எண்ணை மாற்ற வேண்டியதில்லை. எண்ணை மாற்றாமலே கம்பெனியை மாற்றும் உரிமை 2011 ஜனவரி 20-இல் நாடெங்கும் வந்தது. 2015 ஜூலை 3 முதல் மாநிலம் விட்டு மாநிலமும் அந்த உரிமை செல்லும். ஆங்கிலத்தில் போர்ட் என்றும், இடைவெளி விட்டு எண்ணும் தட்டி 1900-க்கு அனுப்பினால் ஒரு குறியீடு வரும். அதை ஆதாருடன் புதிய கம்பெனியின் கடையில் கொடுத்தால் போதும். இருக்கும் கம்பெனியில் 90 நாள் ஆகியிருக்க வேண்டும். மாற்று சிம் வாங்கியிருந்தால் ஏழு நாள் பொறுக்க வேண்டும். முன்கட்டணத்தில் மீதமிருக்கும் தொகையும் நாட்களும் கூட வராது என்பதால், திட்டம் முடியும் தறுவாயில் மாறுவதே சிக்கனம்.

மக்களின் ஜாக்கிரதை மட்டும் போதாது. அரசுக்கும் கடமை உண்டு. கனடாவில் 2017 டிசம்பர் முதல் புதிய போன்களைப் பூட்டின்றியே தர வேண்டும் என்று விதி செய்தார்கள். பிரிட்டனில் 2021 டிசம்பர் முதல் பூட்டிய போனைக் கம்பெனிகள் விற்பதே தடை செய்யப்பட்டது. அமெரிக்காவில் வாடிக்கையாளர் தன் போனின் பூட்டைத் திறந்துகொள்ள 2014-இல் சட்டம் வழிவிட்டது. நம் நாட்டில் கோடிக்கணக்கானவர்களின் கூலியும் சேமிப்பும் செல்போன் எண்ணில் தொங்கும்போது, இதைச் சந்தையின் விருப்பத்துக்கு விட்டுவிடுவது நியாயமாகாது.

எந்தப் பூட்டாக இருந்தாலும், அது இருக்கிறது என்பதை ரசீதிலும் பெட்டியிலும் வாங்குபவருக்குத் தெரிந்த மொழியில் அச்சிட வேண்டும். பணம் முழுதும் கட்டிய நாளிலேயே கட்டணமின்றித் திறந்துவிட வேண்டும். தவணை தவறினாலும் அவசர அழைப்பும் வங்கிச் செய்தியும் நிற்காமல் இருக்க வேண்டும். டிராயும் தொலைத்தொடர்புத் துறையும் ரிசர்வ் வங்கியும் கலந்து பேசினால் இது செய்ய முடியாத காரியமல்ல. ரஞ்சன்காவில் ஒரு மின்னணுத் தொகுதி அமைக்க 2022-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. மின்னணுச் சாமான் செய்ய ஊர்விட்டு ஊர் வரும் தொழிலாளி, தன் சொந்தப் போனில் பூட்டுக்கு அடிமையாக இருப்பது அந்தத் திட்டத்துக்கு அழகல்ல.

அதுவரை நமக்கு நாமே காவல். கொஞ்சம் பொறுத்து, கொஞ்சம் சேர்த்து, சுமாரான போனானாலும் பூட்டில்லாததாகப் பார்த்து ரொக்கத்தில் வாங்குவோம். ஊரிலிருந்து கொண்டு வந்த சிம்மை அதில் போடுவோம். இதைப் படித்தவர்கள், படிக்கத் தெரியாத அறைத் தோழருக்கும் ஒரு முறை சொல்லட்டும்.