ஸ்டீராய்டு விஷமும் இல்லை, ஃபேர்னஸ் கிரீமும் இல்லை

நம்ம ஊர்ல ஒரு விசித்திரம் இருக்கு மக்களே. மூச்சு இழுக்கிற பிள்ளைக்கு டாக்டர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தா, "ஐயோ, அதுல ஸ்டீராய்டு இருக்காம், வேண்டவே வேண்டாம்"னு அலறுவாங்க. அதே வீட்டுல கல்யாண வயசுப் பொண்ணு தினமும் ராத்திரி முகத்துல ஒரு கிரீமைத் தடவிக்கிட்டிருக்கும். அட்டையைத் திருப்பிப் பார்த்தா மொமெட்டசோன்னு போட்டிருக்கும். அதுவும் ஸ்டீராய்டுதான் சாமி!

பயப்பட வேண்டிய இடத்துல தைரியம், தைரியமா இருக்க வேண்டிய இடத்துல பயம். இந்தப் பதிவு இந்தத் தலைகீழ் புத்தியைத் திட்டுறதுக்குத்தான்.

முதல்ல "ஸ்டீராய்டுன்னாலே விஷம்" கோஷ்டிக்கு. 1948-ல அமெரிக்காவோட மேயோ கிளினிக்ல ஹென்ச்சும் அவரோட சகாக்களும் முடக்குவாத நோயாளிக்கு கார்ட்டிசோன் கொடுத்தாங்க. நடக்க முடியாம கிடந்தவங்க சில நாள்ல எழுந்து நடந்தாங்க. 1950-ல நோபல் பரிசு வந்தது. அவ்வளவு பழைய கதை வேண்டாம்னா, 2020 ஜூனுக்கு வாங்க. ஆக்ஸ்ஃபோர்டு நடத்துன ரெக்கவரி ஆய்வுல டெக்ஸாமெத்தசோன், தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள். வென்டிலேட்டர்ல இருந்த கொரோனா நோயாளிகள்ல சாவு மூணுல ஒரு பங்கு குறைஞ்சது. மாத்திரை விலை சில ரூபாய்தான். இதையா விஷம்னு சொல்றீங்க?

ஆனா அதே ஆய்வு இன்னொண்ணும் சொல்லிச்சு. ஆக்சிஜன் தேவைப்படாதவங்களுக்கு அந்த மருந்தால பிரயோஜனமே இல்ல. நம்மாளுங்க முதல் வரியை மட்டும் படிச்சாங்க. 2021 இரண்டாவது அலையில லேசான காய்ச்சலுக்கெல்லாம் வீட்டுலயே ஸ்டீராய்டு முழுங்கினவங்க எத்தனை பேர்! சர்க்கரை ஏறி, எதிர்ப்பு சக்தி இறங்கி, கறுப்புப் பூஞ்சை வந்து கண்ணை இழந்தவங்களை அந்த வருஷம் பார்த்தோமே, மறந்துடுச்சா?

இப்ப ரெண்டாவது கோஷ்டி. முகத்துல தடவுற கோஷ்டி.

இது எப்படி வேலை செய்யுதுன்னு பொட்டி தட்டுறவன் பாஷையில சொல்றேன். லாக் ஃபைல்ல எர்ரரா கொட்டுது. பிழையைத் திருத்தாம, எர்ரர் மெசேஜ் எழுதுற வரியை மட்டும் தூக்கிட்டா ஸ்கிரீன் பளிச்சுன்னு இருக்கும். உள்ளே பிழை குட்டி போட்டுக்கிட்டே இருக்கும். ஸ்டீராய்டும் அப்படித்தான். அழற்சியை அமுக்கும், ரத்தக்குழாயைச் சுருக்கும், நிறமியைக் குறைக்கும். ரெண்டே வாரத்துல முகம் வெளுக்கும். "சூப்பரா வேலை செய்யுது"னு தோழிக்கும் சிபாரிசு போகும்.

மாசக்கணக்கா போனா தோல் மெலியும், ரத்தக்குழாய் நூல் நூலா வெளியே தெரியும், பரு கிளம்பும், முகத்துல முடி முளைக்கும். பயந்து நிறுத்தினா எரிச்சலும் சிவப்பும் பிடுங்கி எடுக்கும். தாங்க முடியாம மறுபடியும் தடவணும். இதுக்கு அடிமைத்தனம்னு இல்லாம வேற என்ன பேர் வைக்கிறது? படர்தாமரை மேல தடவினா இன்னும் மோசம். அரிப்பு அடங்கும், பூஞ்சை மட்டும் ஜாலியா பரவும்.

நானா அடிச்சு விடலை. 2011-ல நம்ம நாட்டுத் தோல் மருத்துவர்கள் பல ஊர்கள்ல முகத்தோல் பிரச்சினையோட வந்த 2926 பேரைப் பார்த்தாங்க. 433 பேர் முகத்துல ஸ்டீராய்டு தடவிக்கிட்டிருந்தவங்க. அதுல 257 பேருக்கு அதைச் சொன்னது டாக்டரே இல்ல. பக்கவிளைவு வந்தது 392 பேருக்கு, அதாவது 90.5 சதவீதம்!

"டாக்டர்கிட்ட போக காசு ஏது, மெடிக்கல் ஷாப் அண்ணன்தான் எங்க டாக்டர்"னு ஒரு வாதம் வரும். நியாயமான கஷ்டம்தான், ஒத்துக்கறேன். ஆனா அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில தோல் பிரிவு இருக்கு, காசு வாங்கறதில்ல. அரை நாள் வரிசையில நிக்கணும், அவ்வளவுதான். முகம் கெட்டுப்போன பிறகு மாசக்கணக்கா அலையறதுக்கு இது எவ்வளவோ தேவலை.

சட்டம் என்ன பண்ணுதுன்னு கேக்கறீங்களா? 2018 மார்ச்ல 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை ஷெட்யூல் ஹெச்-ல சேர்த்தாங்க. சீட்டு இல்லாம விக்கக் கூடாது. எங்க தெரு கடையில "சீட்டு எங்கே?"னு கேட்டு நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல. உங்க தெருவுல?

கடைக்காரரை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்ல. "பொண்ணு சிவப்பா இருக்கணும்"னு விளம்பரம் கொடுக்கிற மாப்பிள்ளை வீடு, "ஏன்டி கறுத்துட்டே"னு குசலம் விசாரிக்கிற அத்தை, கறுப்பை நோயாக்கி வச்சிருக்கிற நாம எல்லாரும் அந்த டியூப்புக்கு ஸ்பான்சர். கறுப்பு ஒரு வியாதி இல்லைங்க, மருந்து எதுக்கு?

பதிவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அழகுக் குறிப்பு எழுதறவங்க கிரீம் பேரைப் போடறதுக்கு முன்னாடி அட்டையைப் படிங்க. பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், கிளோபெட்டசால், ஃப்ளூசினோலோன் இதுல எது இருந்தாலும் அது அழகுசாதனம் இல்ல, மருந்து. இயற்கை வைத்தியப் பதிவு எழுதறவங்க, ஆஸ்துமா பிள்ளையோட இன்ஹேலரைப் பிடுங்காதீங்க. அது மைக்ரோகிராம் கணக்கு, நேரா நுரையீரலுக்குப் போகுது. வாய் கொப்பளிக்கச் சொல்லுங்க, டாக்டர் வளர்ச்சியை அளந்து பார்த்துக்குவார். மூச்சு நின்னுட்டா அளக்க ஒண்ணும் மிஞ்சாது.

டிஸ்கி: இதைப் படிச்சிட்டு மாசக்கணக்கா சாப்பிடுற ஸ்டீராய்டு மாத்திரையை இன்னிக்கே தூக்கி எறியாதீங்க. உடம்பு தன்னோட சொந்த உற்பத்தியை நிறுத்தி வச்சிருக்கும், திடீர்னு விட்டா உயிருக்கே ஆபத்து. குறைக்கறதும் டாக்டர் சொல்ற கணக்குல, படிப்படியாத்தான். திட்ட வர்றவங்க அட்டையைப் படிச்சிட்டு வந்து திட்டுங்க :-)