ஏழு கிராமின் தீர்ப்பு

சிறு விமானங்கள் பலவற்றை இயக்குவது ஒஸ்திரியா நாட்டு றொட்டாக்ஸ் 912 எஞ்சின். அதன் இரு காபரேற்றர்களிலும் இவ்விரு மிதவைகள் உண்டு. தண்ணீர்த் தொட்டி மிதவை நீரை அடைப்பதுபோல, இவை எழுந்து பெற்றோல் வரும் வழியை அடைக்கும். மிதவையே பெற்றோலை உறிஞ்சிப் பாரமானால் எழாது. பெற்றோல் மிகும், எஞ்சின் நடுங்கும், நின்றுவிடவுங்கூடும்.

ஆதலின், மிதவைகளை நிறுத்துப் பார்க்கவேண்டுமெனத் தயாரிப்பாளர் கட்டாய அறிவித்தல் விடுத்தனர். ஒரு சோடி 7 கிராமுக்கு மேற்பட்டால் மாற்றியே ஆகவேண்டும். கண்ணுக்குப் புதிதாய்த் தோன்றும் மிதவையும் தராசிலே தவறலாம். "இன்னும் ஒருமுறை பறந்துவிட்டுப் பார்ப்போம்" என்னும் எண்ணம் இங்கு ஆகாது.

மாணவர்களே, பழுதான வண்டியை ஓரங்கட்ட வீதியில் இடமுண்டு, வானத்திலே இல்லை. தராசைத் தரையிலேயே எடுப்பவனே அறிவாளி.