வேர் முடிச்சும் மொய் நோட்டும்

சென்னையில இருக்கிற நண்பர்களுக்கு மொய் விருந்துன்னா சிரிப்பு. கறிச்சோறு போட்டுக் கல்லா கட்டுற வியாபாரம்னு நினைக்கிறாங்க. கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி பக்கம் ஆடி பொறந்தா இதுதான் சீசன். வாங்குற மொய்க்கு வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. நோட்டுல பேர் இருக்கும், அவங்க விருந்து வைக்கும்போது திருப்பணும், அவ்வளவுதான்.

இதுல ஒரு நுணுக்கம் உண்டு. ஆயிரம் வாங்கினவர் சரியா ஆயிரத்தையே எழுதினா, கணக்கை முடிச்சுக்கிறார்னு அர்த்தம். மேல ஐந்நூறு சேர்த்து எழுதினா அது புது மொய், போக்குவரத்து தொடரும். பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ், பசிபிக் தீவு மக்கள், வட அமெரிக்கப் பழங்குடிகளோட வழக்கங்களை வச்சு 1925-ல வெளியான கட்டுரையில இதைத்தான் பேசினார். கொடுக்கிறது, வாங்கிக்கிறது, திருப்பிக் கொடுக்கிறது மூணுமே கடமைன்னார். வடகாட்டுல வந்து உட்கார்ந்திருந்தா இன்னொரு அத்தியாயம் எழுதியிருப்பார்.

மண்ணுக்குள்ளயும் இதே கொடுக்கல் வாங்கல்தான். கடலைச் செடியைப் பிடுங்கினா வேர்ல குருணை குருணையா முடிச்சு இருக்கும். கிள்ளிப் பார்த்து உள்ள இளஞ்சிவப்பா இருந்தா வேலை நடக்குதுன்னு அர்த்தம். செடி சர்க்கரை குடுக்குது, முடிச்சுல இருக்கிற ரைசோபியம் காத்துலேருந்து தழைச்சத்தைப் பிடிச்சுக் குடுக்குது. யூரியாவை அள்ளிப் போட்டா முடிச்சு குறைஞ்சிடும். காசு கொடுத்து வாங்க முடியும்னா பக்கத்து வீடு எதுக்கு? கடலை பறிக்க, இன்னைக்கு உங்க கொல்லை, நாளைக்கு எங்க கொல்லைன்னு போன காலம் அப்படித்தான் போச்சு.

2003-ல டோபி கியர்ஸ் குழு சோயா வேர் முடிச்சுகளுக்கு நைட்ரஜன் இல்லாத காத்தைக் கொடுத்துப் பார்த்தாங்க. பாக்டீரியாவால தழைச்சத்து குடுக்க முடியலை. செடி அந்த முடிச்சுக்குப் போற ஆக்ஸிஜனைக் குறைச்சிடுச்சு, பாக்டீரியா பெருகுறதும் குறைஞ்சுது. பாவம், அதுக மேல தப்பே இல்ல. ஆனா ஏன் முடியலைன்னு கேக்கச் செடிக்குத் தெரியாது.

நமக்குத் தெரியும்ல? 2018 நவம்பர்ல கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்ச்சிட்டுப் போச்சு. தென்னை திரும்பக் காய்க்க எத்தனை வருஷம் ஆகும்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா மொய் நோட்டுல அதுக்கு இடம் இல்ல, பேரும் தொகையும்தான் இருக்கு. தோப்பு இழந்தவங்களுக்கு ஊரே பேசி ரெண்டு ஆடி தவணை விட்டிருக்கணும்ங்கிறது என் கட்சி. "அடுத்த விருந்துக்குப் பாத்துக்கலாம் மாமா"ன்னு தானாச் சொன்னவங்க எங்க தெருவுல இருந்தாங்க. நகையை அடகு வச்சு, வட்டி கட்டி, மொய் திருப்பின வீடுகளும் அதே தெருவுலதான் இருந்துச்சு.