'கிரெடிட் கார்டு கடனை பாதியா குறைச்சுத் தர்றோம்' என்று போன் வருகிறதா? பணம் கொடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

"ஒரு லட்சம் பாக்கியா? 40 ஆயிரம் கட்டினா போதும் சார், மீதியை நாங்க பேங்க்ல பேசி முடிச்சுத் தர்றோம்." கிரெடிட் கார்டு பில்லை இரண்டு மூன்று மாதம் கட்டத் தவறியவர்களைக் குறிவைத்து இப்படி அழைப்புகளும் சமூக வலைதள விளம்பரங்களும் வருகின்றன. ஒருபக்கம் வசூல் ஏஜென்ட்டின் தொல்லை, மறுபக்கம் வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம். இந்த நேரத்தில் யாராவது 'நாங்க பார்த்துக்கிறோம்' என்று சொன்னால் நம்பத் தோன்றும்.

ஆனால், கடனைக் குறைக்கும் அதிகாரம் கார்டு கொடுத்த வங்கிக்கு மட்டுமே உண்டு. நீங்களே வங்கியிடம் செலவில்லாமல் கேட்கக்கூடிய ஒன்றைத்தான் இடைத்தரகர் காசுக்கு விற்கிறார். மோசடிப் பேர்வழி அதைக்கூடச் செய்யாமல் காசோடு மறைந்துவிடுகிறார்.

ரிசர்வ் வங்கி என்ன சொன்னது?

2023 டிசம்பர் 11 அன்று ரிசர்வ் வங்கி பொதுமக்களுக்கு ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. கடன் தள்ளுபடி வாங்கித் தருவதாகச் சொல்லி அச்சு ஊடகங்களிலும் சமூக வலைதளங்களிலும் சிலர் விளம்பரம் செய்கிறார்கள். எந்த அதிகாரமும் இல்லாமல் 'கடன் தள்ளுபடி சான்றிதழ்' கொடுக்கிறார்கள். அதற்கு சேவைக் கட்டணம், சட்டக் கட்டணம் என்று வசூலிக்கிறார்கள் என அதில் கூறப்பட்டிருந்தது. 'வங்கிக் கடனைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை' என்ற தவறான தகவலை இவர்கள் பரப்புவதாகவும், இவர்களை நம்பினால் நேரடியாகப் பண இழப்பு ஏற்படும் என்றும் ரிசர்வ் வங்கி சொன்னது. இப்படிப்பட்டவர்கள் பற்றி போலீஸில் புகார் கொடுக்கும்படியும் கேட்டுக்கொண்டது.

கடன் ஏன் குறைவதே இல்லை?

மதுரை விளாங்குடியில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, மாதம் ரூ.25,000 சம்பளத்துக்கு வேலைக்குப் போகும் ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். கார்டில் பாக்கி ரூ.1 லட்சம். மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் வட்டி மட்டும் ரூ.3,500. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி ரூ.630. ஆக ரூ.4,130. 'மினிமம் டியூ' என்று அவர் ரூ.5,000 கட்டினால், உண்மையில் கடனில் குறைவது வெறும் ரூ.870. 'மாசாமாசம் கட்டிக்கிட்டுத்தான் இருக்கேன், கடன் அப்படியே நிக்குது' என்று பலர் புலம்புவதன் கணக்கு இதுதான்.

மாதம் 3.5 சதவீதம் என்பது ஆண்டுக்கு 42 சதவீதம். கார்டு பாக்கிக்கு ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் தீர்ப்பளித்தது. அதை 2024 டிசம்பர் 20-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. எனவே 'வட்டி அதிகம், கோர்ட்ல போட்டா மொத்தமும் தள்ளுபடி' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இந்த இடத்தில்தான் சிலர் ஒரு கார்டைத் தேய்த்து இன்னொரு கார்டுக்குக் கட்டும் 'ரொட்டேஷனில்' இறங்குகிறார்கள். ஒவ்வொரு முறையும் கமிஷன் போகும், கடன் குறையாது. சிலர் கந்துவட்டிக்கு வாங்கி கார்டை அடைக்கிறார்கள். தமிழ்நாட்டில் கந்துவட்டிக்கு எதிராக 2003 முதல் தனிச் சட்டம் இருந்தாலும், அந்தப் பள்ளத்தில் விழுந்தால் எழுவது கஷ்டம்.

வலை எப்படி விரிக்கப்படுகிறது?

முன்பணம்: 'ஃபைல் சார்ஜ்', 'வக்கீல் ஃபீஸ்', 'ரிஜிஸ்ட்ரேஷன்' என்று வேலை தொடங்கும் முன்பே பணம் கேட்பது முதல் அறிகுறி. தொகை சிறிதாக ஆரம்பித்து, 'இன்னும் ஒரே ஒரு பேமென்ட்' என்று நீளும்.

'பேங்குக்கு கட்டாதீங்க, எங்களுக்கு கட்டுங்க': மாதாமாதம் தங்கள் கணக்கில் சேமிக்கச் சொல்வார்கள். வங்கியின் போனையும் எடுக்க வேண்டாம் என்பார்கள். அந்த மாதங்களில் வட்டியும் தாமதக் கட்டணமும் ஏறும், சிபில் ஸ்கோர் இறங்கும். கடைசியில் வங்கி செட்டில்மென்ட்டுக்கு ஒப்புக்கொள்ளாவிட்டால் இரண்டு பக்கமும் நஷ்டம்.

போலிக் கடிதம்: வங்கி லோகோ, ரிசர்வ் வங்கி முத்திரை எல்லாம் போட்டு செட்டில்மென்ட் கடிதம் வாட்ஸ்அப்பில் வரும். பணம் அனுப்ப வேண்டியது மட்டும் ஒரு தனிநபரின் யுபிஐ ஐடிக்கு.

ஓடிபி, ஏபிகே: 'செட்டில்மென்ட் ஃபார்ம்' என்று ஏபிகே ஃபைலை அனுப்புவது, திரையைப் பகிரும் ஆப் போடச் சொல்வது, ஓடிபி கேட்பது. இருக்கும் கடனோடு புதுக் கடனும் சேர்ந்துவிடும்.

சிபில் வித்தை: 'ஒரே வாரத்துல ஸ்கோரை ஏத்தித் தர்றோம்' என்பது. உண்மையான கடன் விவரத்தை வெளியாள் யாரும் அழிக்க முடியாது. தவறான பதிவு இருந்தால் திருத்தக் கேட்பது இலவசம். 4 கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும்.

கடன் ஆலோசனை தரும் எல்லோரும் மோசடிக்காரர்கள் என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் போன் மூலம் ஆள் பிடிக்கும் கடன் தீர்வு நிறுவனங்கள், ஒரு கடனையாவது தீர்த்துக் கொடுக்கும் முன் கட்டணம் வாங்க 2010 முதல் தடை உள்ளது. மலேசியாவில் மத்திய வங்கியே 2006-ல் ஏகேபிகே என்ற ஆலோசனை அமைப்பைத் தொடங்கி, இலவசமாகக் கடன் திட்டம் போட்டுத் தருகிறது. 'வேலை முடியும் முன் காசு கிடையாது' என்ற அளவுகோலை இங்கே நாமே வைத்துக்கொள்ளலாம்.

அப்படியென்றால் யாரிடம் போவது?

முதலில் வங்கி. எண்ணை கூகுளில் தேட வேண்டாம். கார்டின் பின்புறமோ ஸ்டேட்மென்டிலோ இருப்பதை மட்டும் பயன்படுத்துங்கள். வேலை போனது, மருத்துவச் செலவு என உண்மைக் காரணத்தை இமெயிலில் எழுதுங்கள். பாக்கியை இஎம்ஐ ஆக மாற்ற முடியுமா என்று கேளுங்கள். அதற்கான வட்டி பெரும்பாலும் கார்டு வட்டியைவிடக் குறைவு. அதுவும் முடியாத நிலையில்தான் செட்டில்மென்ட்.

30 நாளில் வங்கி பதில் தராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனில் புகார் செய்யலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. சந்தேகம் கேட்க 14448.

மதுரை மாவட்டத்தின் முன்னோடி வங்கி கனரா வங்கி. முன்னோடி வங்கிகள் நடத்தும் நிதி கல்வி மையங்களில் ஆலோசனை இலவசம். கோர்ட் நோட்டீஸ் வந்திருந்தால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். சட்ட உதவி எண் 15100. லோக் அதாலத்தில் சமரசம் பேசக் கட்டணம் இல்லை.

வசூல் ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பிறகோ அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கார்டு பில் கட்டவில்லை என்பது சிவில் விவகாரம். 'நாளைக்கு போலீஸ் வந்து அரெஸ்ட் பண்ணும்' என்ற மிரட்டலுக்குப் பயந்து தரகரிடம் ஓட வேண்டியதில்லை.

செட்டில்மென்ட்டுக்கு விலை உண்டு

வங்கியே தள்ளுபடி கொடுத்தாலும் சிபிலில் 'குளோஸ்டு' என்பதற்குப் பதில் 'செட்டில்டு' என்று பதிவாகும். பிறகு வீட்டுக்கடன், வாகனக் கடன் கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும். 2023 ஜூனில் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, சமரசம் செய்துகொண்டவருக்கு அதே வங்கி குறைந்தது 12 மாதம் புதுக் கடன் தரக் கூடாது. தரகர்கள் இதைச் சொல்வதில்லை.

ஒப்புக்கொண்டால், தொகையும் கடைசித் தேதியும் கொண்ட கடிதத்தை வங்கியின் அதிகாரப்பூர்வ இமெயிலில் பெறுங்கள். கிளையில் காட்டி உறுதி செய்யுங்கள். பணத்தை கார்டு கணக்கிலேயே கட்டுங்கள். முடிந்ததும் 'நோ டியூ' சான்றிதழ் வாங்காமல் விடாதீர்கள்.

ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டால்?

உடனே 1930-க்கு அழையுங்கள். பணம் கைமாறிப் போவதற்குள் புகார் பதிவானால் அதை நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். ஓடிபி, கார்டு விவரம் கொடுத்திருந்தால் வங்கியிடம் சொல்லி கார்டை முடக்குங்கள். வாட்ஸ்அப் உரையாடல், யுபிஐ ரசீது, அழைத்த எண் எதையும் அழிக்க வேண்டாம். 'போன பணத்தை மீட்டுத் தர்றோம்' என்று அடுத்து வரும் அழைப்பும் பெரும்பாலும் அதே கும்பலுடையதாக இருக்கும். முக்கியமாக, வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். யாரிடமும் சொல்ல மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில்தான் அவர்கள் அடுத்த 'பேமென்ட்' கேட்கிறார்கள்.