தேர்ச்சிக்குப் பிறகு

மே மாதம் வந்துவிட்டால் எங்கள் விருதுநகர் ஜில்லாக்காரர்களுக்குத் தலை சற்று நிமிர்ந்துவிடும். பிளஸ் டூ பரீட்சையில் இந்த ஜில்லாப் பிள்ளைகள் முன்வரிசையில் நிற்பது பல வருஷத்து வழக்கம். 2023-ல் 97.85 சதவிகிதம் தேறி மாநிலத்திலேயே முதலிடம். நிமிரட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் 2018-ல் மத்திய சர்க்கார், உடல்நலம், கல்வி, விவசாயம், தொழில் பயிற்சி, சாலை வசதி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துப் பின்தங்கிய ஜில்லாக்களுக்கு ஒரு ஜாபிதா போட்டது. தமிழ்நாட்டிலிருந்து அதில் ஏறியவை இரண்டே இரண்டு. ஒன்று ராமநாதபுரம், மற்றது விருதுநகர். 'முன்னேற விழையும் மாவட்டம்' என்று நாசூக்காகப் பெயரும் வைத்தார்கள். பரீட்சையில் முதல் பெஞ்சு. பிழைப்பில் கடைசி பெஞ்சு!

வானம் பார்த்த பூமி, வறண்ட குண்டாறு, சீமைக்கருவேல் மண்டிய கண்மாய்கள் எல்லாம் காரணந்தான். ஆனால் பழி முழுவதையும் வானத்தின் மேல் போட்டுவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளக் கூடாது. பிள்ளைகளைப் பாஸ் பண்ண வைத்தோம். பிறகு எந்த வேலைக்குப் போவது என்பதை ஒரு நாளாவது அவர்களோடு உட்கார்ந்து பேசினோமா? இதுதான் என் குற்றச்சாட்டு.

அருப்புக்கோட்டைத் தறிக்காரர் வீட்டிலும், திருச்சுழிப் பக்கம் கரிமூட்டம் போடுகிறவர் வீட்டிலும், ஏன், சம்பளக்காரர் வீட்டிலுங்கூட நடப்பது ஒன்றுதான். ரிசல்ட் வந்த அன்று சாயங்காலம் உறவுக்காரர்கள் கூடுகிறார்கள். மாமா 'இன்ஜினீயரிங்' என்கிறார். சித்தப்பா, 'போலீஸ் செலக்ஷனுக்கு அனுப்பு' என்கிறார். பெண்ணாயிருந்தால் பேச்சே சுருக்கம்: மாப்பிள்ளை அமைகிற வரையில் பஸ் போகிற காலேஜில் ஏதோ ஒரு டிகிரி. படிக்கப் போகிற பிள்ளையோ காப்பித் தம்ளரை எடுத்துக்கொண்டு போகிறது. அதைக் கேட்பாரில்லை.

கேட்டிருந்தாலும் காலம் கடந்துவிட்டது. பாதி முடிவு பதினோராம் வகுப்பில் குரூப் எடுத்த அன்றே ஆகிவிட்டதே! கணிதத்தை விட்ட பிள்ளைக்கு எந்தக் கதவு சாத்திக்கொள்ளும் என்று அன்று யாராவது எடுத்துச் சொன்னார்களா? 'சிநேகிதி சேர்ந்தாள், நானும் சேர்ந்தேன்' என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கிற பதில்.

பிறகு நகை அடகுக்குப் போகிறது. பாங்கிக் கடன் வருகிறது. படிப்பு முடிந்து ஒரு வருஷம் பொறுத்துத் தவணைக் காகிதம் வரும். பையனுக்கு வேலை கிடைத்ததா என்று அந்தக் காகிதம் விசாரிக்காது.

அருப்புக்கோட்டையில் சர்க்கார் ஐ.டி.ஐ. ஒன்று இருக்கிறது. அதைச் சொன்னால், 'படிப்பு வராதவன் போகிற இடம்' என்று முகத்தைச் சுளிக்கிறோம். இரண்டு வருஷம் ஃபிட்டர் வேலையோ எலக்ட்ரீஷியன் வேலையோ கற்றவன் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் வருஷம் சேரலாம். டிப்ளமா முடித்தவன் பி.இ.யிலும் அப்படியே சேரலாம். சர்க்கார் பள்ளியில் படித்தவர்களுக்கு மாதம் 1000 ரூபாய் தருகிற புதுமைப் பெண் திட்டமும் தமிழ்ப் புதல்வன் திட்டமும் ஐ.டி.ஐ.க்கும் உண்டு. எத்தனை வீட்டில் இது தெரியும்? குழாய் ரிப்பேருக்கு ஆள் அகப்படவில்லை என்று புலம்புகிறவர்களும் நாம்தான்; குழாய் வேலைக்காரனுக்குப் பெண் கொடுக்க மறுக்கிறவர்களும் நாம்தான்.

'மறுபடியும் குலக்கல்வியா?' என்று அன்பர்கள் பாய்ந்து வருவார்கள். வரட்டும். 1953-ல் ராஜாஜி, கிராமத்துப் பிள்ளைகளுக்கு அரை நாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் தகப்பன் தொழில் என்று திட்டம் போட்டார். 1954-ல் அதை ஒழித்தவர் இதே விருதுநகரில் பிறந்த காமராஜர். ஒழித்தது நியாயமே. தறிக்காரன் மகன் தறியில்தான் உட்கார வேண்டும் என்று விதிக்க யாருக்கு அதிகாரம்? ஆனால் அந்தப் பையன் இன்ஜினீயர்தான் ஆக வேண்டும் என்று விதிக்கிற மாமாவுக்கு மட்டும் அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது? அன்றைக்குப் பிறப்பைப் பார்த்து விதித்தார்கள். இன்றைக்கு ஊர்ப் பெருமையைப் பார்த்து விதிக்கிறோம். இரண்டிலும் பிள்ளைக்கு வாய் கிடையாது.

2022-ல் சர்க்கார் 'நான் முதல்வன்' என்று ஒரு திட்டம் தொடங்கியது. வழிகாட்டுவது நல்லதுதான். ஆனால் பள்ளியில் காட்டிய வழியை வீட்டுத் திண்ணையில் அடைத்துவிட்டால் எந்தத் திட்டம் என்ன செய்யும்? ஒன்பதாம் வகுப்பிலேயே பேச்சைத் தொடங்குங்கள். லீவு நாளில் ஒரு பட்டறை, ஓர் ஆஸ்பத்திரி, ஒரு தணிக்கையாளர் ஆபீஸ் என்று கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். அந்த வேலையில் காலை முதல் மாலை வரை என்ன செய்கிறார்கள், முதல் வருஷம் கையில் என்ன சம்பளம், கடன் தவணை போக மிச்சம் என்ன என்று பிள்ளையையே கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். காலேஜ் விளம்பரத்தை நம்பாமல், போன வருஷம் அங்கே படித்து வெளியே வந்தவனைத் தேடிப் பிடித்து விசாரியுங்கள்.

பள்ளிக்கூடத்தாருக்கும் ஒரு வார்த்தை. வாசலில் தேர்ச்சி சதவிகிதத்தைப் பெரிய எழுத்தில் பலகையாக மாட்டுகிறீர்கள். அதன் பக்கத்தில், ஐந்து வருஷத்துக்கு முன் தேறிப் போனவர்களில் எத்தனை பேர் படித்த வேலையில் இருக்கிறார்கள், எத்தனை பேர் படிப்பைப் பாதியில் விட்டார்கள், எத்தனை பேர் வேறு வழியில்லாமல் மில் வேன் ஏறினார்கள் என்று இன்னொரு பலகையும் மாட்டுங்கள். அதை வாசித்த பிறகு மார் தட்டிக்கொள்ளலாமா என்று யோசிப்போம்.